‘சீஃப்’ ச-வில் தொடங்க, ‘ஷெஃப்’ ஷ-வில் தொடங்குவது ஏன்?

அலுவலகத்தின் தலைவர் சீஃப். சமையற்கூடத்தின் தலைவர் ஷெஃப். இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். லத்தீனில் தலையைக் குறிக்கும் ‘கபுத்’ என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலம் இதை இரண்டு முறை கடன் வாங்கியது: 1300ஐ ஒட்டி ஒரு முறை, 19ஆம் நூற்றாண்டில் இன்னொரு முறை. இடையில் ஐந்நூறு ஆண்டுகள். அதற்குள் பிரான்ஸில் அந்தச் சொல்லின் முதல் எழுத்து ஒலிக்கும் விதமே மாறிவிட்டது.

மாற்றம் நாக்கில் நடந்தது. ‘பச்சை’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ச்ச’ வரும் இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, மூச்சை ஒரு கணம் அடைத்து, பிறகு விடுகிறது. அந்த ஒட்டுதலை விட்டுவிட்டு மூச்சை மட்டும் உரசவிட்டால் ‘ஷ’ பிறக்கும். 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் செய்தது இதைத்தான். அதே காலத்தில் ‘ஜ’ ஒலியும் ஒட்டுதலை இழந்தது. ‘ஷ’ சொல்லும்போதே தொண்டையில் அதிர்வைச் சேர்த்தால் வருகிற, தமிழில் எழுத்தில்லாத ஒலி அது.

ஆனால் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து போய் இங்கிலாந்தை வென்ற நார்மானியர்கள் அங்கே கொண்டுபோன பிரெஞ்சில் பழைய ஒலிகள்தான் இருந்தன. ஆகவே முதல் அலையில் வந்த சொற்களை ஆங்கிலம் இன்றும் ச்ச, ஜ என்றே சொல்கிறது: சேர், சான்ஸ், சார்ஜ், சேஞ்ச், ஜட்ஜ், ஜூரி. பின்னால் வந்தவை ஷ அணி: மெஷின், ஷாம்பெயின், பாராஷூட். தமிழில் எழுதும்போதே இது கண்ணில் பட்டுவிடுகிறது. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரே சி-ஹெச். நாமோ காதால் கேட்டு ச, ஷ என்று பிரித்து எழுதிவிட்டோம்.

முதல் அலை எப்போது அடித்தது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று நார்மானியத் தலைவர் வில்லியம் இங்கிலாந்தின் முடிசூடிய உடனே பிரெஞ்சுச் சொற்கள் கொட்டவில்லை. ஆண்டவர்கள் பிரெஞ்சும் ஆளப்பட்டவர்கள் ஆங்கிலமும் பேசித் தனித்தனியே இருந்தவரை கடன் குறைவாகவே இருந்தது. 1204இல் இங்கிலாந்து அரசர் நார்மண்டியை இழந்தார். கடலுக்கு அப்பால் இருந்த நிலமும் உறவும் கைவிட்டுப் போக, பிரபுக் குடும்பங்கள் மெல்ல ஆங்கிலத்துக்கு மாறின. தாய்மொழியை மாற்றுகிறவர்கள் பழக்கப்பட்ட சொற்களையும் கையோடு எடுத்துவருவார்கள். அதனால்தான் 1250க்கும் 1400க்கும் இடையில் கடன் உச்சம் தொட்டது. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது.

காலம் மட்டுமல்ல, வட்டாரமும் சொல்லில் தடம் பதித்தது. ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்த ‘வ’ ஒலியை நார்மானியர் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாரிஸ் பக்கத்தில் அது ‘க’ ஆனது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வார்டனும், பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் கார்டியனும் இப்படிப் பிரிந்த ஒரே சொல். இரண்டுக்கும் பொருள் காப்பவர்தான்.

ஒரு சொல் பழைய வரவா புதிய வரவா என்று அறிய சி-ஹெச் மட்டும் போதாது. உயிரொலியையும் பாருங்கள். 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன: ‘ஈ’ ‘ஐ’ ஆனது, ‘ஊ’ ‘அவு’ ஆனது. அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்ட சொற்கள் அந்த மாற்றத்தில் சிக்கின. பிரைஸ், ஃபைன், கவுண்டர், அக்கவுண்ட், சவுண்ட் எல்லாம் அப்படி மாறியவை. பின்னால் வந்த போலீஸ், மேகஸீன், சூப், குரூப் ஆகியவை தப்பித்துக்கொண்டன.

அடுத்து அழுத்தம். பிரெஞ்சில் அழுத்தம் சொல்லின் கடைசியில் விழும், ஆங்கிலத்துக்குப் பழக்கம் முதல் அசை. நீண்ட நாள் தங்கிய சொற்களில் அழுத்தம் முன்னால் நகர்ந்து, வால் நலிந்துவிட்டது. மெசேஜ், மசாஜ் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். இரண்டின் வாலும் எழுத்தில் ஒன்றே. 1300ஐ ஒட்டி வந்த மெசேஜ் ஆங்கிலேயர் வாயில் ‘மெசிஜ்’ எனச் சுருங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் வந்த மசாஜ் தன் ‘ஆ’வை விடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கேரேஜ் இன்னும் நடுவழியில் நிற்கிறது: பிரிட்டனில் பலர் ‘கேரிஜ்’ என்று வில்லேஜோடு சேர்த்துவிட்டார்கள், அமெரிக்கர் ‘கராஜ்’ என்று மசாஜ் பக்கம் நிறுத்துகிறார்கள்.

கடைசி மெய்யெழுத்தும் காட்டிக்கொடுக்கும். மார்க்கெட், பாக்கெட் வந்த நாளில் பிரெஞ்சின் இறுதி ‘ட்’ உயிரோடு இருந்தது. அது பேச்சில் உதிர்ந்த பிறகு வந்தவை பஃபே, பொக்கே, டிப்போ. சொல்லின் நடுவில் இருந்த ‘ஸ்’ஸும் இப்படி உதிர்ந்ததுதான்: பழைய வரவு ஹாஸ்டல், புதிய வரவு ஹோட்டல். பேச்சில் போன அந்த ‘ஸ்’ எழுத்தில் நெடுங்காலம் கிடந்தது. 1740இல் பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியில் பெருமளவில் அதை நீக்கி, உயிரெழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறி போட்டது. இன்று பிரெஞ்சுச் சொல்லில் அந்தக் குறியைப் பார்த்தால், அங்கே ஒரு ‘ஸ்’ஸை வைத்துப் படித்துப் பாருங்கள். பல சொற்களில் தெரிந்த ஆங்கிலச் சொல் எழுந்து வரும். பிரெஞ்சின் ‘ஃபொரே’ ஃபாரஸ்ட் ஆவது இப்படித்தான்.

இந்தச் சோதனைகள் தவறும் இடங்களும் உண்டு. பிரெஞ்சு வருமுன்பே ஆங்கிலத்தில் இருந்த சைல்ட், சர்ச் போன்றவற்றிலும் ‘ச்ச’ வரும். கிரேக்கத்திலிருந்து வந்த கேரக்டர், கெமிஸ்ட்ரி வகையில் அதே சி-ஹெச் ‘க’ ஆகும். மாவீரர் பண்பைக் குறிக்கும் ‘ஷிவல்ரி’ இன்னொரு விதம். 1300ஐ ஒட்டி வந்த பழைய சொல், நியாயப்படி ‘சிவல்ரி’. அப்படித்தான் முன்பு சொன்னார்கள். புழக்கம் குறைந்து பின்னாளில் மீண்டபோது, புதிய பிரெஞ்சுச் சொல் என்று எண்ணி ஷ-வுக்கு மாற்றிவிட்டார்கள்.

புதுச்சேரியின் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ இந்த வழியில் சேராது. ஆங்கிலத்தைத் தொடாமல் பிரெஞ்சிலிருந்து நேரே வந்ததால் அதன் ‘கொ’ கெடவில்லை.

நடைமுறையில் அதிகம் இடறுவது கடைசி மெய்யில்தான். விதி எளியது: பிரெஞ்சுச் சொல்லின் முடிவில் டி, எஸ், எக்ஸ், பி, இஸட் நின்றால் பெரும்பாலும் ஒலிக்காது. ராந்தேவூ (சந்திப்பு), ஃபோ பா (நாகரிகப் பிழை), கூ (ஆட்சிக் கவிழ்ப்பு) எல்லாம் அப்படி. சி, ஆர், எஃப், எல் பெரும்பாலும் ஒலிக்கும்: ஷிக், ஷெஃப், ஹோட்டல். என்சிசி-யின் கடைசி எழுத்து குறிக்கும் சொல்லைக் ‘கோர்’ என்றே சொல்ல வேண்டும். பியையும் எஸ்ஸையும் ஒலித்தால் பிணம் என்று பொருள்படும் ‘கார்ப்ஸ்’ ஆகிவிடும். அதுவும் அதே சொல்லின் பழைய வரவுதான். கோர் பன்மையானாலும் எழுத்து மாறாது, ஒலியில் மட்டும் இறுதியில் ஓர் இஸட் ஒலி சேரும். அடுத்து உயிரெழுத்து வந்தால் ஊமை மெய் சில தொடர்களில் வாய் திறக்கும்: எதிரெதிரே என்று பொருள்படும் ‘வீஸ்-ஆ-வீ’யில் முதல் எஸ் ஒலிக்கிறது, கடைசி எஸ் ஒலிப்பதில்லை.

இந்த விதியைப் பாதி மட்டும் கற்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். மெய்க்குப் பின் ஓர் ‘இ’ (e) எழுத்து நின்றால் அந்த மெய் ஒலித்தே ஆக வேண்டும். கதையை முடிக்கும் இறுதி அடியைக் குறிக்கும் தொடர் ‘கூ டு கிராஸ்’. பிரெஞ்சு என்றாலே கடைசியை விழுங்க வேண்டும் என்று ‘கூ டு கிரா’ என்பவர்கள் ஏராளம். பிரெஞ்சுக்காரர் காதில் அது கொழுப்பின் அடி என்று விழும்.

இதே மிகைத்திருத்தம் பிரெஞ்சுக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களையும் பிடித்துக்கொண்டது. அயல்மொழிச் சொல்லில் ‘ஜ’ வந்தால் அது மென்மையாக உரசித்தான் ஒலிக்கும் என்று ஆங்கிலம் பேசுபவர் பலர் பழகிவிட்டார்கள். நாம் சொல்வதைப் போன்ற திடமான ‘ஜ’ அவர்கள் மொழியிலேயே ஜட்ஜிலும் ஜூரியிலும் இருக்கிறது. இருந்தும் தாஜ்மகாலின் ஜ-வையும் பெய்ஜிங்கின் ஜ-வையும் மசாஜின் கடைசி ஒலியைப் போலவே உரசிச் சொல்கிறார்கள்.