ரெக்டிஃபையர்: திருத்தியா, சீராக்கியா?

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) பவர் சப்ளை எதைத் திறந்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் இரண்டோ நாலோ டையோடுகள், அப்புறம் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும், உருளையாக ஒரு பெரிய கண்டன்சர். நடுவில் நிற்கும் அந்த டையோடு கூட்டத்துக்குப் பெயர் ரெக்டிஃபையர். ‘ஏசியை டிசி ஆக்குவது’ என்று ஒரே வரியில் விளக்கம் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரியால்தான் பாதிக் குழப்பமும் வருகிறது.

50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 தடவை திசை மாறும். ரெக்டிஃபையர் அந்தத் திசையை மட்டும் ஒன்றாக்குகிறது. அதிலிருந்து வெளிவருவது ஒரே பக்கமாகப் பாய்ந்தாலும், பூஜ்யத்துக்கு இறங்குவதும் உச்சிக்கு ஏறுவதுமாக மேடுபள்ளத்தோடுதான் இருக்கும். பள்ளத்தை நிரப்புவது கண்டன்சரின் வேலை. வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைப்பது ரெகுலேட்டரின் வேலை.

சொல்லின் வேரும் இதையேதான் சொல்கிறது. லத்தீனில் ரெக்டுஸ் என்றால் நேரானது, ஃபாசெரே என்றால் செய்தல். கரெக்ட், ரெக்டாங்கிள் எல்லாம் இதே குடும்பம். திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்த சாராயத்துக்கு ரெக்டிஃபைட் ஸ்பிரிட் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். வேதியியலில் சொல் முன்பே புழங்கியது, மின்சாரத்துக்குப் பிறகுதான் வந்தது.

தமிழில் இதற்கு ஒன்றுக்கு மேல் பெயர் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அலைதிருத்தி. மின்திருத்தி என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். இலங்கையில் சீராக்கி. அங்கே ஏசி ஆடலோட்டம், டிசி நேரோட்டம், டையோடு இருவாயி. (ஆடலோட்டம் எவ்வளவு அழகான சொல்! மாறுதிசை மின்னோட்டம் என்று எழுதும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.) ஆனால் சீராக்கியில் எனக்கு ஒரு தயக்கம். ‘சீர்’ என்றதும் மேடுபள்ளம் இல்லாத சமநிலைதான் மனதில் வரும். அது கண்டன்சரும் ரெகுலேட்டரும் சேர்ந்து செய்வது. திருத்தி என்றால் ‘அலையில் என்ன பிழை, திருத்துவதற்கு?’ என்று கேட்கலாம். ஆனால் தமிழில் திருத்துவது பிழையை மட்டும் அல்லவே. காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம். இருப்பதைப் பயன்படும்படி மாற்றுவதும் திருத்துவதுதான். தவிர அரை அலைதிருத்தி, முழு அலைதிருத்தி என்று பிரித்துச் சொல்ல வாகாக இருக்கிறது. என் ஓட்டு அலைதிருத்திக்கு.

அரை அலைதிருத்தியில் ஒரே டையோடு. அலையின் ஒரு பாதி போகும், மறுபாதி நிற்கும். டிரான்ஸ்ஃபார்மரின் துணைச்சுருளில், அதாவது வெளியீடு தரும் சுருளில், மின்னோட்டம் எப்போதும் ஒரே பக்கம் ஓடுவதால் இரும்பு உள்ளகமும் ஒரே பக்கம் காந்தமேறி டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும். மிகச் சிறிய வேலைகளுக்கு மேல் இதை யாரும் வைப்பதில்லை.

அடுத்தது சென்டர் டேப். துணைச்சுருளின் சரிபாதியில் ஒரு கம்பியை வெளியே எடுத்துவிடுவது. தமிழில் நடுமுனை என்றால் விளங்கும். 12-0-12 என்று எழுதியிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று கம்பி வரும். பெரும்பாலும் ஓரத்து இரண்டும் ஒரே நிறம், நடுக்கம்பி வேறு நிறம். மீட்டரை ஏசியில் வைத்து ஓரத்திலிருந்து நடுவுக்கு அளந்தால் 12 வோல்ட், ஓரத்துக்கு ஓரம் 24. லோடு இல்லாதபோது சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒன்றிரண்டு வோல்ட் கூடவே காட்டும், பயப்பட வேண்டாம். ஓரத்துக்கு ஒரு டையோடு வைத்து இரண்டின் மறுமுனைகளையும் சேர்த்தால் முழு அலை கிடைத்துவிடும். நடுமுனைதான் மைனஸ்.

வால்வு எனப்படும் வெற்றிடக்குழாய்களின் காலத்தில் இந்த அமைப்புக்குத்தான் செல்வாக்கு. ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிளெமிங் 1904இல் செய்த வெற்றிடக்குழாய் டையோடின் வழிவந்த ரெக்டிஃபையர் குழாய்களில், எலக்ட்ரானை வெளிவிடும் ஒரே காத்தோடைச் சுற்றி, அதை வாங்கிக்கொள்ளும் இரண்டு ஆனோடுகளை வைத்துவிட முடிந்தது. குழாய் ஒன்று, காத்தோடைச் சூடாக்க டிரான்ஸ்ஃபார்மரில் ஹீட்டர் சுருள் ஒன்று, நடுமுனை ஒன்று, வேலை முடிந்தது. அதையே பிரிட்ஜாக, அதாவது நடுமுனை இல்லாமல் நாலு டையோடுகளைச் சதுரமாக இணைத்துக் கட்டினால் காத்தோடுகள் வெவ்வேறு வோல்டேஜில் நிற்கும்; அவற்றுக்குத் தனித்தனி ஹீட்டர் சுருள் சுற்றியாக வேண்டும். பிரிட்ஜ் ஒன்றும் புதிதாக வந்ததல்ல. போலந்துக்காரர் கரோல் பொல்லாக் 1895இலேயே அதற்குக் காப்புரிமை கேட்டார். 1897இல் ஜெர்மனியின் லியோ கிரேட்ஸ் அதைப் பற்றி எழுதினார். ஜெர்மானியர்கள் இன்றும் கிரேட்ஸ் சுற்று என்றே சொல்கிறார்கள். சிலிக்கன் டையோடு மலிவானதும் நிலைமை தலைகீழாகிவிட்டது. நாலு டையோடு செலவே இல்லை, செம்புக் கம்பிதான் செலவு.

நடுமுனை அமைப்பில் எந்த நேரத்திலும் பாதிச் சுருள் சும்மா கிடக்கிறது. பிரிட்ஜில் முழுச் சுருளும் இரண்டு பாதி அலையிலும் உழைக்கிறது. பதிலுக்கு மின்னோட்டம் ஒரே நேரத்தில் இரண்டு டையோடுகளைக் கடக்க வேண்டும், 0.7 வோல்ட் இழப்பு 1.4 ஆகிறது. 30 வோல்ட் சப்ளையில் இது கண்ணுக்கே தெரியாது. 5 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் வலிக்கும். அங்கே இன்றும் நடுமுனைதான் நல்லது.

பிரிட்ஜுக்குத் தமிழ் என்ன? மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் பிரிட்ஜைச் சமனச்சுற்று என்கிறோம். அங்கே நாலு பக்கத்தையும் சமன் செய்கிறோம், அதனால் சரி. டையோடு பிரிட்ஜில் சமன் செய்ய எதுவும் இல்லை. பாலத்திருத்தி என்று நேராகச் சொல்லிவிடலாம்.

12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் பலர் சிக்கிக்கொள்வது பிரிட்ஜ் போடும்போதுதான். லேபிளில் இருப்பது ஆர்எம்எஸ் அளவு (ஏறி இறங்கும் அலையின் பயனுறு மதிப்பு, உச்சியைவிடக் குறைவு), கண்டன்சர் ஏறுவதோ உச்சி வரை. நடுமுனை அமைப்பில் 12ஐ 1.414ஆல் பெருக்கி ஒரு டையோடைக் கழித்தால் சுமார் 16 வோல்ட். 25 வோல்ட் கண்டன்சர் தாங்கும். நடுக்கம்பியை விட்டுவிட்டு ஓரத்து இரண்டையும் பிரிட்ஜில் கொடுத்தால் 32 வோல்டுக்கு மேல் போகும். அதே கண்டன்சர் வெடிக்கக்கூடும். நடுக்கம்பியைக் கிரவுண்டாக வைத்து, பிரிட்ஜிலிருந்து பிளஸ் 16, மைனஸ் 16 என்று இரட்டை சப்ளை எடுப்பதும் உண்டு. பார்க்க அது பிரிட்ஜ்தான். உண்மையில் பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என இரண்டு நடுமுனைத் திருத்திகள் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

ஆம்பியரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கண்டன்சர் உச்சி நேரத்தில் மட்டும் குடிப்பதால் பிரிட்ஜிலிருந்து 1 ஆம்பியர் டிசி வேண்டுமானால் சுருள் சுமார் 1.6 ஆம்பியர் தாங்க வேண்டும்.

சில டிரான்ஸ்ஃபார்மர்களில் நடுமுனைக்குப் பதில் 0-12, 0-12 என்று தனித்தனியாக இரண்டு சுருள்கள் இருக்கும். தொடராக இணைத்தால் 24 வோல்ட், பக்கமாக இணைத்தால் 12 வோல்டில் இரட்டை ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுப்படத்தில் சுருளின் ஒரு முனையில், திசையைக் காட்டப் போட்டிருக்கும் புள்ளிதான் இங்கே முக்கியம். தொடரில் திசை மாறினால் மீட்டர் பூஜ்யம் காட்டும், அவ்வளவுதான். பக்க இணைப்பில் மாறினால் ஒன்று மற்றொன்றை ஷார்ட் செய்து சுருள் கருகிவிடும். அதனால் முதலில் ஒரு ஜோடி முனைகளை மட்டும் சேர்த்துவிட்டு, மீதி இரண்டுக்கு நடுவே அளக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சேர்க்கலாம். 24 வந்தால் ஒரு சுருளைத் திருப்பிப் போட்டு மறுபடி அளக்க வேண்டும்.