ஏற்பி: ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரிசெப்டரை தமிழ்ல எப்படி சொல்றது?

எங்க சித்தப்பா பைக்ல இருந்து விழுந்து தலைல அடிபட்டு ஐசியூல இருந்தப்போ, வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த சித்தி டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. "சார், எங்க அக்காவுக்கு மூளைல கட்டி வந்தப்போ வீக்கம் வத்த ஸ்டீராய்டு ஊசி போட்டாங்களே, இவருக்கு ஏன் போடல?" டாக்டர் நின்னு, "கட்டியால வர்ற வீக்கம் வேற, அடிபட்டு வர்ற வீக்கம் வேறம்மா, இதுக்கு அதைப் போட்டா ஆபத்து, ரிசெப்டர்னு ஒண்ணு இருக்கு..."ன்னு ஆரம்பிச்சார், அதுக்குள்ள உள்ள இருந்து கூப்பிட்டாங்க, போயிட்டார். சித்தி என் பக்கம் திரும்பி "ரிசெப்டர்னா என்னடா?"ன்னாங்க. நான் பாடபுத்தகத்துல படிச்சதை வெச்சு "ஏற்பி"ன்னேன். அதுவும் அவங்களுக்கு புரியல. எனக்கே அன்னிக்கு சரியா புரியலன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

முதல்ல ஸ்ட்ரெஸ். நம்ம ஊர்ல இதை அப்படியே "மன அழுத்தம்"னு எழுதிடறோம், டிப்ரெஷனுக்கும் பாதி பேர் அதையேதான் எழுதறாங்க. ஆனா இந்த வார்த்தையை மருத்துவத்துக்குள்ள பிரபலமாக்கின ஹான்ஸ் செல்யே 1936ல நேச்சர் இதழ்ல எழுதின சின்ன கட்டுரைல மனசைப் பத்தி பேசவே இல்ல. எலிகளை குளிர்ல வெச்சார், காயப்படுத்தினார், அளவுக்கு மீறி ஓடவிட்டார், விஷ மருந்து கொடுத்தார், எது செஞ்சாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்லுதுன்னு கண்டுபிடிச்சார், அதுல ஒண்ணு அட்ரினல் சுரப்பி பெருசாகறது. அப்போ நினைவே இல்லாம கிடக்குற தலைக்காய நோயாளிக்கும் ஸ்ட்ரெஸ் உண்டு, அந்த அட்ரினல் சுரக்குற ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்டிசால் ரத்தத்துல ஏறும், அங்க "மன அழுத்தம்"னு எழுதினா தப்பான அர்த்தம்தான் வரும். ஸ்ட்ரெஸ்ஸோட லத்தீன் வேர் இறுக்கிப் பிடிக்கிறதைக் குறிக்குது. நம்மகிட்ட "நெருக்கு", "நெருக்கடி" இருக்கு, அதே இறுக்கம், அதே இடமில்லாம தவிக்கிற உணர்வு, மனசுக்கும் உடம்புக்கும் பொது. இயற்பியல் புத்தகத்துல வர்ற "தகைவு" இங்க ஒட்டாது. என் ஓட்டு நெருக்கடிக்குத்தான்.

ஹார்மோன், 1905ல லண்டன்ல எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஒரு சொற்பொழிவுல பயன்படுத்தின சொல், கிரேக்கத்துல தூண்டிவிடு, கிளப்பிவிடுன்னு அர்த்தம். தமிழ்ல "இயக்குநீர்"னு வெச்சவங்க வேரைப் பார்த்து வெச்சிருக்காங்க, ஆனா கார்டிசால் நீர் இல்ல, அது ஒரு ஸ்டீராய்டு மூலக்கூறு, அதனால ஹார்மோன்னே எழுதறதுல எனக்கு வருத்தம் இல்ல. இலங்கைல "ஓமோன்"னு எழுதுவாங்க, அதுவும் அழகு.

கார்டிசால் வகை ஹார்மோன்களுக்கு குளுக்கோகார்டிகாய்டுன்னு ஒரு நீளமான சொல் வரும், பயப்படாதீங்க, குளுக்கோஸ், கார்டெக்ஸ், ஸ்டீராய்டு மூணையும் ஒட்டினது. கார்டெக்ஸ்னா லத்தீன்ல மரப்பட்டை. தமிழ்ல அதுக்கு "புறணி"ன்னு வெச்சிருக்காங்க, பழைய தமிழ்ல புறணின்னா பட்டை, தோல்னு அர்த்தம், அப்படியே பொருந்துது. நம்ம பேச்சுல "புறணி பேசாதே"ன்னா வேற விஷயம்ங்கறதால முதல் தடவை கேக்கும்போது கொஞ்சம் இடறும், அவ்வளவுதான். அட்ரினலுக்கு "அண்ணீரகம்". அண்-னா பக்கத்துல, நீரகம்னா சிறுநீரகம், லத்தீன்லயும் சிறுநீரகத்துக்குப் பக்கத்துலன்னுதான் அர்த்தம். இந்த சொல்லை உருவாக்கினவங்களை கையெடுத்துக் கும்பிடலாம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். ரிசெப்டர், அதாவது ஹார்மோனோ மருந்தோ வந்து பொருந்தறதுக்கு செல்லுல இருக்குற புரதம். லத்தீன்ல வாங்கிக்கறதுன்னு பொருள்படுற வினைல இருந்து வந்தது. 1900 வாக்குல ஜெர்மனில பால் எர்லிக் இந்தப் பெயரை வெச்சார், 1905ல கேம்பிரிட்ஜ்ல ஜான் லாங்லி "ஏற்கும் பொருள்"ங்கற அர்த்தத்துல கிட்டத்தட்ட அதே கருத்தை தனியா சொன்னார். அப்போ யாரும் ரிசெப்டரைக் கண்ணால பார்த்ததில்ல, நிகோடினும் கியூராரேங்கற அம்பு விஷமும் தசைல செய்யறதைப் பார்த்து "நடுவுல ஏதோ ஒண்ணு இருந்தே ஆகணும்"னு யோசிச்சதுதான்.

தமிழ்ல ரெண்டு சொல் புழங்குது. இலங்கைல "வாங்கி", தமிழ்நாட்டுல "ஏற்பி". வாங்கி நேரடியா லத்தீனோட அர்த்தம், தப்பே இல்ல. ஆனா ஏற்பிக்கு வேர் "ஏல்". இந்த ஒரு வேர்ல மூணு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, வாங்கிக்கறது, பழைய தமிழ்ல பிச்சை எடுக்கறதையும் ஏற்றல்னுதான் சொல்வாங்க. ரெண்டு, பொருந்தறது, "ஏற்ற ஜோடி"ங்கறோமே அது. மூணு, பொறுப்பெடுக்கறது, "பதவி ஏற்பு"ங்கறோமே அது.

கார்டிசால் ஏற்பி இந்த மூணையும் செய்யுது. செல்லுக்குள்ள, உட்கருவுக்கு வெளிய, துணைப்புரதங்கள் தாங்கிப் பிடிக்க சும்மா காத்திருக்கும். கார்டிசால் சவ்வு வழியா நுழைஞ்சு வந்து அந்தக் குழில சரியா பொருந்தினதும், ஏற்பி வடிவம் மாறி, உட்கருவுக்குள்ள போய், டிஎன்ஏ மேல உக்காந்து எந்த ஜீன் ஓடணும் எது நிக்கணும்னு தீர்மானிக்கும். பொருந்தி, வாங்கி, பதவி ஏத்துக்குது. ரிசெப்டர்ங்கற இங்கிலீஷ் சொல்லுக்குள்ள வாங்கறது மட்டும்தான் இருக்கு, நம்ம சொல்லுக்குள்ள முழு கதையும் இருக்கு.

மூளைல இந்த ஏற்பி ரெண்டு வகைன்னு சொன்னாத்தான் தலைக்காயம் புரியும். 1968ல புரூஸ் மெக்யூவனும் கூட இருந்தவங்களும் கதிரியக்கம் ஏத்தின கார்டிகோஸ்டிரோனை (எலிக்கு கார்டிசால் மாதிரி இதுதான்) எலிக்கு செலுத்திப் பார்த்தப்போ, அது நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ்ல போய் அதிகமா தங்குச்சு. ஸ்ட்ரெஸ் ஹார்மோன் மூளையோட நினைவுப் பகுதியையே நேரா தொடுதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. 1985ல ரியூல், டி க்ளோட் ரெண்டு பேரும் அங்க ரெண்டு வித ஏற்பி இருக்குன்னு காட்டினாங்க. மினரலோகார்டிகாய்டு ஏற்பி கார்டிசாலை சுமார் 10 மடங்கு இறுக்கமா பிடிக்கும், சாதாரண நாள்லயே பெரும்பாலும் நிரம்பியிருக்கும். குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி பிடி தளர்ந்தது, நெருக்கடி வந்து ஹார்மோன் பெருகினாத்தான் நிரம்பும். முதலாவது பொதுவா நரம்பணுவைக் காப்பாத்தற பக்கம், ரெண்டாவது அளவு மீறி ரொம்ப நேரம் நிரம்பியே கிடந்தா, ஏற்கெனவே அடிபட்ட அணு தாங்காது. 2002ல வந்த எலி ஆய்வுல, தலைல அடி கொடுக்குறதுக்கு முன்னாடியே மிஃபெப்ரிஸ்டோன் கொடுத்து இந்த ரெண்டாவது ஏற்பியை அடைச்சு வெச்சப்போ, ஹிப்போகாம்பஸ்ல ஒரு பகுதி நரம்பணுக்கள் தப்பிச்சுது.

மனுஷங்கள்ல நடந்தது இன்னும் பெரிய பாடம். ஊசியா போடற ஸ்டீராய்டும் கார்டிசால் மாதிரியே இந்த ரெண்டாவது ஏற்பிலதான் போய்ப் பொருந்தும். வீக்கம் குறையும்ங்கற நம்பிக்கைல தலைக்காயத்துக்கு பல வருஷமா அதைக் கொடுத்துட்டு இருந்தாங்க. உண்மையா உயிர் பிழைக்குதான்னு பார்க்க கிராஷ்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 20,000 பேரை சேர்க்கத் திட்டம், 10,008 பேர்லயே 2004ல நிறுத்திட்டாங்க. மெத்தில்பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு வாங்கினவங்கள்ல ரெண்டு வாரத்துல 21.1 சதவீதம் பேர் இறந்தாங்க, வெறும் டம்மி மருந்து வாங்கினவங்கள்ல 17.9 சதவீதம். கூடுதல் சாவுக்கு ஏற்பிதான் காரணம்னு அந்த ஆய்வு நிரூபிக்கல, அப்படி சொன்னா மிகை. ஆனா கடுமையான தலைக்காயத்துக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கூடாதுன்னு வழிகாட்டுதல்ல வந்ததுக்கு இதுதான் அடிப்படை. கட்டியைச் சுத்தி வர்ற வீக்கத்துக்கு இன்னிக்கும் டெக்சாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு கொடுக்கறாங்க, அங்க நீர் கசியற விதம் வேற. சித்தி கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான், அதுக்கு முழு பதில் கொடுக்க யாருக்கும் அன்னிக்கு நேரம் இல்ல.

அதனால நான் எழுதும்போது "நெருக்கடி ஹார்மோன் ஏற்பி"ன்னு எழுதறேன், "மன அழுத்த ஹார்மோன்"னு பார்த்தா மாத்திடறேன். சித்தப்பா வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் மெடிக்கல் பில்லுக்குப் பின்னாடி ஒரு பெரிய வட்டம், அதுக்குள்ள ஒரு சின்ன வட்டம் போட்டு, ஓரத்துல காத்திருக்குற ஏற்பியையும் வெளிய இருந்து வர்ற கார்டிசாலையும் வரைஞ்சு, அம்பு போட்டு உள்ள அனுப்பிக் காட்டினேன். சித்தி கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்போ மருந்து மட்டும் வந்தா போதாது, உள்ள ஏத்துக்கறவன் யாருன்னும் பாக்கணும், அப்படித்தானே?"ன்னு கேட்டாங்க.