குளிசையை நீங்களாகப் பாதியாக்க வேண்டாம்

"வைரஸ் இரிக்கெண்டு றிப்போட் வந்திச்சி மிஸ், அதான் குளிசையப் பாதியாக்கிட்டன்." மட்டக்களப்பில் மருந்தாளராக இருந்துகொண்டு, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களிடம் இதை எத்தனை தடவைதான் கேட்பது! எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தான டக்ரோலிமஸ், முடிந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி அப்படியே கிடக்கிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் கூடும் கிறியேற்றினினும் ஏறியிருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டால், வெளிநாட்டு மச்சானாம், போனில்.

மச்சான் சொன்னது முழுப்பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. அந்த றிப்போட்டில் வரும் பிகே வைரஸ் நம்மில் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் கிடப்பது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது அது தலைதூக்குகிறது. நேரடியாக அதைக் கொல்லும் நல்ல மருந்து இன்னும் இல்லாததால், அடக்கும் மருந்தைக் குறைப்பதுதான் முக்கிய சிகிச்சை. ஆனால் டக்ரோலிமஸைக் குறைப்பதா, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மற்ற மருந்தான மைக்கோபினோலேட்டைக் குறைப்பதா, எவ்வளவு என்பதை வைத்தியர் இரத்தத்தில் வைரஸின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் முடிவு செய்வார். கூடக் குறைத்தால் உடம்பு சிறுநீரகத்தையே நிராகரிக்கத் தொடங்கும். அப்போதும் கிறியேற்றினின்தான் ஏறும், வைரஸ் தாக்கினாலும் அதுதான் ஏறும். எது காரணம் என்று பல வேளை பயொப்ஸி (சிறுநீரகத்தில் சின்னத் துண்டெடுத்துப் பரிசோதிப்பது) எடுத்துத்தான் வைத்தியரே சொல்வார், நீங்கள் வீட்டிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

"காய்ச்சலும் இல்ல, மூத்திரமும் நல்லாப் போகுது, எதுக்கு டெஸ்ட்?" என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பிகே பெரும்பாலும் காய்ச்சல் காட்டாது. அதனால்தான் சிறுநீரகம் மாற்றிய பிறகு முதல் 9 மாதம் மாதாமாதம், பிறகு 2 வருடம் வரை 3 மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் வைரஸைப் பார்க்கச் சொல்கிறார்கள். பஸ் ஏறித் தூரம் போக வேண்டும், தெரியும், ஆனாலும் போங்கள். காய்ச்சல், வயிற்றோட்டம், வெள்ளையணுக் குறைவு என்று வருவது சிஎம்வி. அது வேறு வைரஸ், அதற்கு வல்கன்சிக்லோவிர் என்ற மருந்து இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

அப்புறம், டக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலைக் குளிசையைக் குடித்துவிட்டு வராதீர்கள், கையோடு கொண்டுவந்து இரத்தம் கொடுத்த பிறகு குடியுங்கள். குடித்துவிட்டு வந்தால் அந்த றிப்போட் எதற்கும் உதவாது. ஜம்போலாப் பழம் (பம்பளிமாஸ்) வேண்டாம். தொண்டை நோவுக்குக் கடையில் கிளரித்ரோமைசின் வாங்கினால் டக்ரோலிமஸ் அளவு எகிறும், மூட்டு வலிக்கு டைக்ளோபெனக் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். கஷாயமும் அப்படித்தான், கேட்காமல் குடிக்காதீர்கள். வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் பற்றிக் கிளினிக்கில் முதலே கேட்டு வையுங்கள். வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்தால் பனடோலோடு படுத்துக் கிடக்காமல், தயவுசெய்து அன்றைக்கே கிளினிக் கொப்பியோடு வாருங்கள்.