டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ்: குறுக்கு வலிக்கு ஒரு குறுக்குத் தசை

நாள்பட்ட முதுகுவலிக்காக பிசியோதெரபிக்குப் போனவர்கள் காதில் இந்தப் பெயர் ஒருமுறையாவது விழுந்திருக்கும். லத்தீன் பெயர். ‘டிரான்ஸ்’ என்றால் குறுக்கே, ‘வெர்சஸ்’ என்றால் திரும்பியது, ‘அப்டாமினிஸ்’ என்றால் வயிற்றின். வயிற்றில் குறுக்காக ஓடும் தசை, அவ்வளவுதான்.

வயிற்றின் பக்கச்சுவரில் மூன்று அடுக்குத் தசைகள் உண்டு. மேலே உள்ள இரண்டும் சாய்வாக ஓடும். அடியில் இருப்பது இது. கீழ் விலாக்களின் குருத்தெலும்பு, இடுப்பெலும்பின் விளிம்பு, முதுகுப் பக்கத்துத் தசையுறை ஆகியவற்றில் தொடங்கி முன்பக்க நடுக்கோட்டில் வந்து சேரும். அகலமான இடுப்புப் பட்டை மாதிரி. இது இறுகினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், முதுகின் தசையுறையும் விறைக்கும். முதுகெலும்புக்கு அது ஒரு முட்டு.

தமிழில் ‘குறுக்கு வயிற்றுத் தசை’ என்று எழுதுகிறார்கள். குறுக்காக இருப்பது வயிறா, தசையா? ‘வயிற்றுக் குறுக்குத் தசை’ என்றால் குழப்பமில்லை. ‘குறுக்குவெட்டுத் தசை’ தப்பு. குறுக்குவெட்டு என்பது அறுத்துப் பார்க்கும் முகம். இன்னொன்று: பேச்சுத் தமிழில் ‘குறுக்கு’ என்றாலே இடுப்பு, கீழ்முதுகு. ‘குறுக்கு வலிக்குது’ என்கிறோமே! லத்தீனுக்கு வாய்க்காத சிலேடை.

சரி, வலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும் 1996-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தசைக்குள் மெல்லிய கம்பி மின்முனைகளைச் செருகி, கையைச் சட்டென்று தூக்கச் சொன்னார்கள். வலி இல்லாதவர்களுக்குக் கை அசையும் முன்பே இந்தத் தசை இறுகிவிட்டது. முதுகுவலிக்காரர்களுக்கு அது தாமதித்தது. வலுக்குறைவு அல்ல, நேரம் தவறுதல்! ஆனால் வலியால் தாமதமா, தாமதத்தால் வலியா என்பது அதில் தெரியாது. இந்தத் தசைக்கென்றே வந்த பயிற்சிகளும் மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக மேல் என்று பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் காட்டவில்லை.

தொட்டுப் பார்க்க வேண்டுமா? முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து சற்று உள்ளே, சற்றுக் கீழே இரண்டு விரல்களை வையுங்கள். மூச்சைப் பிடிக்காமல் அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுங்கள். விரலடியில் லேசாக இறுகினால் அதுதான். விரலைத் தள்ளிக்கொண்டு புடைத்தால், மேலடுக்குச் சாய்தசை முந்திக்கொண்டது என்று அர்த்தம்.