கரியமில வாயுக் கணக்கு ஏன் இறங்க மாட்டேன் என்கிறது

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான் இருக்கும். ஆனால் அதை வண்டியில் போட்டு வேளச்சேரிக்கும் பாரிமுனைக்கும் போய் வந்து தீர்த்தால், சைலன்சர் வழியாக வெளியே போகும் கரியமில வாயு சுமார் 2.3 கிலோ. கூடுதல் எடை காற்றிலிருந்து வருகிறது. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறது. 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் வாயு.

இந்த 12-க்கு 44 என்பதை வைத்துத்தான் உலகக் கணக்கே போடுகிறார்கள். புகைபோக்கி புகைபோக்கியாக ஏறி யாரும் அளந்து கூட்டுவதில்லை. எவ்வளவு நிலக்கரி வெட்டினார்கள், எவ்வளவு எண்ணெய் விற்றது, எவ்வளவு எரிவாயு குழாயில் போனது என்று பார்த்து, அதிலுள்ள கார்பனைக் கொண்டு பெருக்குவார்கள், அவ்வளவுதான். 1900-ஆம் ஆண்டுக்குக்கூட ஒரு அளவு சொல்ல முடிவது அதனால்தான், சுரங்கக்காரர்கள் அப்போதே கணக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

1950-இல் அந்தக் கணக்கு சுமார் 600 கோடி டன். 1990-இல் ஏறத்தாழ 2,200 கோடி. 2024-இல், எரிசக்தியிலிருந்து மட்டும், 3,780 கோடி டன் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. நடுவில் 2009 பொருளாதாரச் சரிவில் கோடு கொஞ்சம் இறங்கி ஏறியது. 2020 ஊரடங்கில், அண்ணா சாலையே காலியாகக் கிடந்த அந்த ஆண்டில், உலகம் முழுக்கக் குறைந்தது வெறும் 5 சதவீதம் அளவுக்குத்தான். அடுத்த ஆண்டே பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, வண்டிதான் நின்றது, ஃபிரிட்ஜும் ஃபேனும் உருக்காலையும் ஓடிக்கொண்டுதானே இருந்தன.

சரி, இத்தனை சோலார், இத்தனை காற்றாலை வந்த பிறகும் ஏன் ஏறுகிறது? ஜப்பானியப் பொருளியலாளர் யோய்ச்சி காயா இதை நான்கு எண்களின் பெருக்கலாகப் பிரித்துக் காட்டினார்: மக்கள்தொகை, தலைக்கு எவ்வளவு வருமானம், அந்த வருமானத்துக்கு எவ்வளவு எரிசக்தி, அந்த எரிசக்திக்கு எவ்வளவு கார்பன். கடைசி இரண்டும் உலக அளவில் பல பத்தாண்டுகளாக இறங்கித்தான் வருகின்றன, ஆனால் முதல் இரண்டும் அதைவிட வேகமாக ஏறுகின்றன.

நம் வீட்டு ஈபி கார்டிலேயே இதைப் பார்க்கலாம். 60 வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்இடி போட்டோம், தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் கால் யூனிட் மிச்சம், நல்ல விஷயம். அப்புறம் ஒன்றரை டன் ஏசி வாங்கினோம். ஒரு மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும், அதாவது நான்கைந்து நாள் பல்பு மிச்சம் ஒரு மணி நேரத்தில் காலி. இதற்காக ஏசி வாங்கியவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை, சென்னை மே மாதத்தில் இரவு தூங்குவது ஆடம்பரம் அல்ல. இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு வெளியாகும் கரியமில வாயு 2 டன் அளவுதான், அமெரிக்காவில் சுமார் 14.

எரிபொருள் கதையும் இதேதான். நிலக்கரிக் காலம் போய் எண்ணெய்க் காலம் வந்தது என்று பள்ளியில் படித்தோம் அல்லவா, உண்மையில் நிலக்கரி எங்கேயும் போகவில்லை. மொத்த எரிசக்தியில் அதன் பங்கு குறைந்தது, எரிக்கும் அளவு குறையவில்லை. 2024-இல் வரலாறு காணாத அளவாக 870 கோடி டன்னுக்கு மேல் எரித்திருக்கிறார்கள். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை அடுக்கிக்கொண்டே போகிறோம். எடுத்துக் காட்டிய நாடும் உண்டு: 1882-இல் லண்டனில் நிலக்கரி மின்நிலையம் தொடங்கிய பிரிட்டன், கடைசி நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. இன்று அங்கே வெளியாகும் அளவு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அளவுக்கு இறங்கிவிட்டது, அவர்கள் வாங்கும் பொருள்களில் பலவற்றின் புகை சீனாவின் கணக்கில் ஏறுகிறது என்பது வேறு விஷயம்.

இங்கே அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு ஒடிசா தால்சேரிலிருந்து நிலக்கரி ரயிலில் பாரதீப் போய், கப்பலில் எண்ணூர் வந்து, கன்வேயரில் ஏறுகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. அது சராசரிதான், மதியம் சோலார் இருக்கும்போது குறையும், ராத்திரி ஏறும். நாம் ஏசி போடுவதோ ராத்திரியில். தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று நன்றாகப் பிடிப்பது தென்மேற்குப் பருவக்காற்று வந்த பிறகுதான், அதற்கு இன்னும் சில வாரம் இருந்தது.