வழுக்கையாற்றுக் கரைக் கிணறுகளும் கொதித்தாறிய நீரும்

இந்த மாரியிலும் கழுவாத சோடாப் போத்தலொன்றில், யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றங்கரைக் கிணற்று நீர் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. குடிநீருக்கான லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பை, பசளையாலும் மலக்கழிவாலும் நீரில் சேரும் உப்பான நைத்திரேற்று தாண்டியிருந்தது. அது கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சரியாகக் காவாது, உடல் நீலம்பாரிக்கும். அந்த நீரில்தான் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறார்கள் என்று அறிந்து எச்சரித்தபோது, கூட வந்த அம்மம்மா, "கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தானே தம்பி குடுக்கிறனாங்கள்" என்றார்.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாவதற்கு அது உயிரில்லை. லீற்றருக்கு 60 மில்லிகிராம் உள்ள நீரில் கால்பங்கு ஆவியானால் மிஞ்சும் நீரில் அது 80 ஆகும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காட்டி, ஊத்தையெல்லாம் அடியில் தங்கிவிட்டது என்பவர்களும் உண்டு. அது சுண்ணாம்பு, நைத்திரேற்று அப்படிப் படியாது, கரைந்தபடியே கோப்பைக்கு வரும். குளோரினும் சாதாரண வடிகட்டியும் அதை அகற்றமாட்டா.

அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கங்களால் மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலேரியைச் சேரும் இந்த ஆற்றின் நீர், போகிற வழியில் வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடே நிலத்தடிக்கு இறங்குவதால், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பல பத்தாண்டுகளாக அள்ளிப்போட்ட யூரியாவின் மிச்சமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனோடு சேர்ந்து கிணறுகளை அடைகின்றன. ஆதலால் ஒரு கோடையில் எடுத்த ஒற்றை அறிக்கையைச் சட்டம்போட்டு மாட்டிவைப்பதில் பயனில்லை. மாரி மழைக்குப் பின் ஒருமுறையும் கோடைக் கடைசியில் ஒருமுறையுமாக, ஆண்டுதோறும் அதே கிணற்றைச் சோதித்தால்தான் மாற்றம் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும்.

அறிக்கையில் அலகையும் பாருங்கள். நைத்திரேற்றாகக் குறித்தால் வரம்பு 50. அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு நைதரசனாகக் குறித்தால் அதே வரம்பு ஏறத்தாழ 11. நைதரசனாக 14 என்றிருப்பதைப் பார்த்து, ஐம்பதுக்குக் கீழேதானே என்று நிம்மதியாகப் போனவர்கள் பலர்.

மாதிரிக்குச் சுத்தமான போத்தலை அதே கிணற்று நீரால் மூன்றுமுறை அலசி நிரப்பி, குளிர்ச்சியாக அன்றைக்கே கொண்டுவாருங்கள். தோட்டக்காரர்கள் பெருமழைக்கு முன் பசளை போடாதீர்கள். காசும் மழையோடு போகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். பால்மா தவிர்க்க முடியாதெனில், தயவுசெய்து, நைத்திரேற்று குறைவென்று உறுதியான வேறு நீரில் கரையுங்கள். உதடும் நகமும் நீலம்பாரித்தால் கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். எந்தக் கிணற்று நீர் கொடுத்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.