பின்கதவுத் திறப்பு யாரிடம் இருக்கிறது? பெரிய கட்டடங்களின் தீப் பாதுகாப்பும் நமக்குள்ள உரிமையும்

சில வருடங்களுக்கு முந்தி சொந்தத்துக்குள் ஒரு கலியாணம். மண்டபம் மட்டக்களப்பு நகரத்துக்குள்தான், இரண்டாம் மாடியில். தாலி கட்டி முடிந்து முதற்பந்தி நடந்துகொண்டிருந்த நேரம், மேடைப் பக்கமிருந்து வயர் எரிகிற வாடை வந்தது. அலங்கார விளக்குகள் அத்தனையையும் ஒரே பிளக்கில் மாட்டியிருந்தார்கள். யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள். வாடையும் நின்றது, ஏ.சி.யும் நின்றது. சனம் கலியாணக் காட்டை எடுத்து விசிறத் தொடங்கியது. எனக்கு மனம் கேட்கவில்லை. சமையற்கட்டுப் பக்கம் இருந்த பின்படிக்கட்டுக் கதவைப் போய்த் தள்ளிப் பார்த்தேன். ஆமைப்பூட்டு தொங்கியது. மண்டபத்தில் வேலைக்கு நின்ற பெரியவரிடம் கேட்டேன்.

"அண்ணன், இந்தக் கதவுத் திறப்பு எங்க?"

"அது முதலாளியிட்ட, தம்பி. திறந்துவிட்டா வெளிச்சனம் பந்திக்கு ஏறுது எண்டு பூட்டினது."

மின்சாரம் நின்றிருந்ததால் மண்டபம் அரையிருட்டு. ஆனால் அந்தக் கதவுக்கு மேலே, ஓடுகிற மனிதன் படம் போட்ட பச்சை விளக்கு மட்டும் பற்றரியில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. விளக்கு கட்டட வரைபடத்துக்காகப் பொருத்தப்பட்டது. பூட்டு வியாபாரத்துக்காகப் போடப்பட்டது. சட்டம் இந்த இரண்டைப் பற்றியும் பேசுகிறது. முதலாவதைப் பற்றி எல்லாக் கந்தோர்களுக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றிக் கேட்க ஆள் குறைவு.

சரி, முதலில் கடதாசிகளைப் பார்ப்போம்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம்தான் இதில் பெரியது. 1982இல் அதற்கு ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில், அபிவிருத்தி அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. ஊரில் 'பிளான் பாஸ் பண்ணுறது' என்று சொல்வது இதைத்தான். கட்டி முடித்த பிறகு இன்னொரு கடதாசி வேண்டும், இணக்கச் சான்றிதழ். சி.ஓ.சி. என்றால்தான் பலருக்குப் புரியும். பாஸ் பண்ணிய பிளானின்படிதான் கட்டடம் எழும்பியிருக்கிறது என்று சொல்லும் கடதாசி அது. அது கிடைக்காமல் கட்டடத்தைப் பாவிக்கத் தொடங்கக் கூடாது. இதெல்லாம் இப்போது வந்த கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே இதைச் சொல்லிவிட்டது: சான்றிதழ் வரும்வரை புதுக் கட்டடத்தில் காவற்காரரைத் தவிர வேறு எவரும் குடியிருக்கக் கூடாது. நூறு வருடத்துக்கு மேலாகியும், கீழ்மாடியில் கடை திறந்து பால் காய்ச்சிவிட்டு மேல்மாடியில் கொங்கிறீற் போடுகிற வழக்கம் நம்மிடம் மாறவில்லை.

இப்போது நடைமுறையில் இருக்கும் திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் 2021 ஜூலை 8ஆம் திகதி 2235/54 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தவை. கட்டடத்தின் உயரம், பரப்பு, பாவனை மூன்றையும் பார்த்து என்னென்ன வேண்டும் என்று அதில் தீர்மானிக்கிறார்கள். பெரிய கட்டடம், சனம் கூடுகிற கட்டடம் என்றால் தீயணைப்புப் பிரிவின் அபிப்பிராயமும் கேட்கப்படும். எத்தனை படிக்கட்டு, அகலம் எவ்வளவு, தூரத்து மூலையில் நிற்பவர் படிக்கட்டுக்கு வர எவ்வளவு நடக்க வேண்டும், தீயணைப்பு வாகனம் முற்றத்துக்குள் வந்து திரும்ப இடம் உண்டா, ஹோஸ் ரீலுக்கு (சுவரில் சுருட்டி வைத்திருக்கும் தீயணைப்புக் குழாய்) தண்ணீர்த் தாங்கி உண்டா என்பவைதான் அவர்கள் பார்க்கிற விசயங்கள். இதற்கான தொழில்நுட்ப அளவுகள் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தீ ஒழுங்குவிதிகளில் இருக்கின்றன. 2006இல் வந்த பதிப்பைத் திருத்தி 2018இல் மறுபடி வெளியிட்டார்கள். பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் படிக்கிற புத்தகம் அது. நாம் படிக்கத் தேவையில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். 'அதெல்லாம் கொழும்புக்கு மட்டும்' என்று யாராவது சொன்னால் ஏமாற மாட்டோம்.

நம் பக்கத்தில் அதிகம் தவறுவது பாவனை மாற்றத்தில். வீடு என்று பாஸ் பண்ணிய மேல்மாடி, இரண்டு வருடத்தில் ரியூசன் வகுப்பாகிவிடும். கடை என்று பாஸ் பண்ணியது தங்குமிடமாகும். வாகனத் தரிப்பிடம் என்று வரைந்த கீழ்த்தளம் துணிக் களஞ்சியமாகும். சட்டத்தின்படி பாவனையை மாற்றுவதும் ஒரு 'அபிவிருத்தி'தான், அதற்கும் தனி அனுமதி வேண்டும். காரணம் எளிது. ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு படிக்கட்டு போதும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது நூறு பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கிற மாடிக்கு அதே ஒற்றைப் படிக்கட்டு, அதுவும் செருப்புகள் நிறைந்த படிக்கட்டு, போதாது. கல்முனை, காத்தான்குடிப் பக்கம் பெருநாள் காலத்தில் மாடிப் புடவைக் கடைகளுக்குப் போனவர்கள் பின்படிக்கட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெட்டிகளுக்கு இடையில் படி தெரிந்ததா?

தொழிற்சாலை என்றால் சட்டம் வேறு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். உள்ளே ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, உள்ளேயிருந்து சட்டென்று திறக்க முடியாதபடி வெளியேறும் கதவைப் பூட்டிவைக்கக் கூடாது என்று அது நேராகவே சொல்கிறது. ஆடைத் தொழிற்சாலையாக இருந்தாலும் சரி, சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையாக இருந்தாலும் சரி. 'துணி களவு போகுது, அதால பூட்டினம்' என்பதைச் சட்டம் காரணமாக எடுக்காது. இதைப் பார்ப்பது உள்ளூராட்சி சபை அல்ல, தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர். முறைப்பாடும் அங்கேதான் போக வேண்டும்.

அரச கட்டடங்களுக்கு இன்னொரு கயிறு உண்டு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சுனாமிக்குப் பிறகு வந்ததால் அது வெள்ளத்துக்கும் கடலுக்கும் உரியது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் அனர்த்தப் பட்டியலில் தீயும் இருக்கிறது, வெடிப்பும் இருக்கிறது. அமைச்சுகள், திணைக்களங்கள், அரச கூட்டுத்தாபனங்கள் ஒவ்வொன்றும் தமக்கென்று அனர்த்த முகாமைத்துவத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ள கடமை. ஆகவே கச்சேரிக்கும் வைத்தியசாலைக்கும் போகிற நமக்கு, 'தீப்பற்றினால் உங்கள் திட்டம் என்ன?' என்று கேட்க இடமிருக்கிறது.

வைத்தியசாலை என்றதும் ஒன்று. எல்லாரையும் கீழே இறக்கி முற்றத்தில் நிறுத்துவதுதான் ஒத்திகை என்று நினைப்பது அங்கே சரிவராது. சேலைன் ஏறிக்கொண்டிருப்பவரை, சத்திரசிகிச்சை முடிந்து கிடப்பவரைப் படியால் இறக்க நாலு பேர் வேண்டும், நேரமும் போதாது. அதனால் முதலில் அதே மாடியில், தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கமுள்ள அடுத்த வாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். பிறகு தேவைப்பட்டால்தான் கீழே. இது நடக்க வேண்டுமானால் நடுவில் உள்ள அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். காற்று வரட்டும் என்று அதற்குக் கீழே செங்கல்லை வைத்துத் திறந்து விட்டிருந்தால், அடுத்த வாட்டுக்கு நோயாளியை விடப் புகைதான் முதலில் போய்ச் சேரும். படிக்கட்டுக் கதவுக்கும் இதே கதைதான். திறந்து கிடக்கிற படிக்கட்டுக் கூடு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். கீழே எரிகிற ஒரு மெத்தையின் புகை மேல்மாடியில் நிற்பவரை மயக்கிவிடும். தீச்சம்பவங்களில் உயிர் போவது பெரும்பாலும் புகையால், நெருப்புத் தொட்டு அல்ல.

தீயணைப்புப் படை உள்ளூராட்சியின் கீழ் உள்ள சேவை. மட்டக்களப்பு மாநகர சபையிலும் கல்முனை மாநகர சபையிலும் தீயணைப்புப் பிரிவுகள் இருக்கின்றன. பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் பக்கத்து நகரத்திலிருந்துதான் வாகனம் வர வேண்டும். மட்டக்களப்பிலிருந்து வாகரைக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். கல்முனையிலிருந்து அறுகம்பை விடுதிகளுக்கும் அப்படித்தான். ஆக, தூரத்தில் இருக்கிற கட்டடம் வாகனம் வரும்வரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அவசர இலக்கம் 110. ஆனால் உங்கள் பகுதிக்கு வருகிற தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் கேட்டு வாங்கிக் காசுமேசைக்கு மேலே ஒட்டிவைப்பது நல்லது. அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

தீயணைப்பான் பற்றி ஒரு சொல். கல்லடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள ஒரு கட்டடத்தில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். முன்பக்கம் புதுச்சிவப்பு, துடைத்து வைத்தது போல. சுவரோடு ஒட்டியிருந்த பின்பக்கம் அடிவிளிம்பு முழுக்கத் துரு, நகத்தால் சுரண்டப் பொருக்காக உதிர்ந்தது. உப்புக்காற்று. உள்ளே அழுத்தம் இருக்கிற உருளைக்கு அடி துருப்பிடிப்பது விளையாட்டு இல்லை. நம் கரையோரத்தில் பரிசோதனைச் சீட்டின் திகதியை மட்டும் பார்த்தால் போதாது, உருளையைத் திருப்பியும் பார்க்க வேண்டும். பவுடர் உருளையில் உள்ள சிறிய முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். காபனீரொட்சைட்டு உருளைக்கு அந்த முள்ளே கிடையாது, நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே இருக்கிறதா என்று சொல்லலாம். கையால் தூக்குகிற சிறிய கருவி பத்துப் பதினைந்து செக்கனில் காலியாகிவிடும். குப்பைக்கூடையில் பிடித்த நெருப்புக்கு அது சரி. திரைச்சீலை ஏறிவிட்ட நெருப்புக்குச் சரியில்லை, அப்போது ஓடுவதுதான் வேலை. லிப்டில் ஏறாமல்.

இனி, சான்றிதழ் கொடுத்த நாளுக்குப் பிறகு கட்டடத்தை யார் பார்ப்பது? என் பார்வையில் முழு ஏற்பாட்டிலும் ஓட்டை இங்கேதான். சி.ஓ.சி. கட்டி முடிந்ததும் கொடுக்கிற கடதாசி. பூட்டு தினமும் போடுகிற பூட்டு. வருடாவருடம் புதுப்பிக்கிற வியாபார அனுமதிப்பத்திரம் ஒன்றுதான் சபைக்குக் கட்டடத்துக்குள் மறுபடி கால்வைக்கக் கிடைக்கிற நல்ல சந்தர்ப்பம். அது டிசம்பர் 31உடன் முடியும். சுகாதாரப் பரிசோதகர் குசினியைப் பார்க்கிற அந்த நேரத்தில் பின்கதவையும் தள்ளிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். உள்ளூராட்சி உறுப்பினரைக் காணும்போது சபைக்கூட்டத்தில் இதைக் கேட்கச் சொல்லலாம்.

முறைப்பாடு செய்வதென்றால் வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை. மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு, நகர சபை, பிரதேச சபை என்றால் செயலாளருக்கு, பதிவுத் தபாலில். எந்தக் கட்டடம், எத்தனையாம் மாடி, எந்தக் கதவு, எத்தனை மணிக்குப் பூட்டியிருந்தது என்று எழுதுங்கள், படம் எடுத்திருந்தால் இணையுங்கள். உண்மையான ஆபத்து என்றால் நீதவான் நீதிமன்றமும் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு, தீயோ வெடிப்போ உண்டாக்கக்கூடிய விதமாகப் பொருட்களை வைத்திருப்பதைத் தடுத்துக் கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. சனம் குடியிருக்கிற இடத்தில் காஸ் சிலிண்டர்களை அடுக்கிவைப்பது போன்றவற்றுக்கு இது உதவும்.

அந்த மண்டபத்துக்குச் சி.ஓ.சி. இருக்கிறதா, எத்தனை வாசல் என்று பிளானில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு உதவியது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். பிரசை எவரும் கேட்கலாம், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. தமிழில் எழுதிச் சபையின் தகவல் அலுவலரிடம் கொடுத்துக் கையோடு பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அல்லது மறுத்தால், அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதற்கும் மேலே தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. எனக்குப் பதில் வந்தது. பிளானில் இரண்டு படிக்கட்டு இருக்கிறது, இரண்டும் 'வெளியேறும் வழி' என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிரதியை இணைத்து ஆணையாளருக்கு ஒரு கடிதம் போட்டேன். அடுத்த கலியாணத்துக்குப் போனபோது ஆமைப்பூட்டைக் காணவில்லை. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற இரும்புச் சட்டம் ஒன்றைக் கதவின் குறுக்கே பொருத்தியிருந்தார்கள். பெரியவர் அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார், வெளிச்சனம் பந்திக்கு ஏறாமல் பார்த்துக்கொண்டு.